விதைநெல் கடன்: உணவுத் திருவிழாக்களுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள்

திருச்சியிலிருந்து

“தம்பி, நீங்க பொங்குவீங்களா, இல்ல பொங்கிப் போடச் சொல்லிச் சாப்பிடுவீங்களா?”

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் ஒரு அம்மா என்னைக் கேட்டது இது. கஜா புயலுக்கு அடுத்த வருடம். பஸ்ஸில் போகும்போதே வழியெல்லாம் தலை முறிந்த தென்னைகள். மரபு நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்து இந்தத் திருவிழாவை நடத்திவந்த நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில்தான் காலமாகியிருந்தார். அவர் இல்லாத திருவிழா என்பதால் கூட்டம் கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

அப்போது ஒரு சின்னப் பத்திரிகையில் அரிசி பற்றித் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு ரகம். எழுதுகிற முறை உங்களுக்கே தெரியும். முதல் பத்தியில் ஒரு பாட்டி வருவார், அடுத்ததில் மாப்பிள்ளை தூக்கிக் காட்ட வேண்டிய இளவட்டக் கல், அதற்குப் பிறகு நோய்ப் பட்டியல். சர்க்கரைக்குக் கருப்புக் கவுனி, பிள்ளை பெற்றவளுக்குப் பூங்கார், மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளைச் சம்பா. எழுதிய ரகங்களில் பாதியை நான் அடுப்பில் ஏற்றியதே இல்லை. இதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

மண்டபத்துக்குள்ளே மேடை, வெளியே விதை வைத்த மேசைகள். சின்னத் தட்டுகளிலும் துணிப் பைகளிலும் நெல். வெளிர் மஞ்சள், செம்பு நிறம், கறுப்பு, நீள மீசை வைத்தது, மொட்டையாக உருண்டது என்று பார்த்துக்கொண்டே போகலாம். ஜெயராமன் தேடிச் சேர்த்ததாகச் சொல்லப்படும் 174 ரகங்களில் அன்று எத்தனை இருந்தன என்று நான் எண்ணவில்லை. மேடையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பெயர் வந்தது, கைதட்டல் வந்தது. நல்ல பேச்சுகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் விவசாயிகளில் பாதிப் பேர் வெளியே மேசைகளுக்கு நடுவில் நின்றார்கள். “தண்ணி நின்னா தாங்குமா?”, “சாயுமா?”, “வைக்கோல மாடு திங்குதா?” என்று அங்கே நடந்தது வேறு திருவிழா.

அந்த அம்மாவுக்கு வேதாரண்யம் பக்கம். உப்பு ஏறின நிலத்தில் குடவாழை நெல் போடுகிறவர். கூடவே கொஞ்சம் மாப்பிள்ளைச் சம்பா அரிசியும் விற்க வைத்திருந்தார். நான் நோட்டைத் திறந்துகொண்டு, “இது எந்த நோய்க்கும்மா நல்லது?” என்று ஆரம்பித்தேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

நானே பொங்குவேன் என்றேன். குக்கரில், நாலு விசில்.

பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, “இங்க பாரு, செவப்பரிசிய நாலு விசில் விடுறாராம்” என்று சொல்லிச் சிரித்து முடித்துவிட்டு, என்னை ஒரு சாக்கின் மேல் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். பானை பெரியதாக இருக்க வேண்டும், உலை தாராளமாக இருக்க வேண்டும், தளதளவென்று கொதித்த பிறகுதான் அரிசியைப் போட வேண்டும். முக்கால் பதம் வந்ததும் தீயைத் தணித்து மூடிவிட வேண்டும். அவசரப்பட்டால் மேலே குழையும், உள்ளே அரிசியாகவே நிற்கும். வடித்த கஞ்சியில் உப்பும் மோரும் போட்டால் அது ஒரு வேளைக்கு ஆச்சு. மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் நீராகாரம்.

“பழைய சோத்துக்குத்தான் தம்பி இந்த அரிசி. சுடு சோத்துல கொழம்பு ஊத்துனா கரகரன்னுதான் இருக்கும். எங்க வீட்டுப் புள்ளைங்களே ஒரு வாய் தின்னுட்டு வச்சிடும்.”

விற்க வந்தவர் இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் நோட்டைத் தட்டி அவர் சொன்ன அடுத்த வரிதான் என்னை உட்காரவைத்தது: “நோய்ப் பேரு எழுதாதீங்க. உலத்தண்ணி எவ்வளவுன்னு எழுதுங்க. வாங்கிட்டுப் போயி வேகலன்னா அடுத்த தடவ எவன் வாங்குவான்?”

பிறகு அரைமணி நேரம் பேசினோம். இந்த நெல்லெல்லாம் ஆள் உயரத்துக்கு வளரும். காற்றோடு மழை வந்தால் படுத்துவிடும். படுத்த நெல்லை மெஷின் ஒழுங்காக அறுக்காது, ஆள் வைத்து அறுக்க ஆள் கிடைக்காது. அறுத்து முடித்து ஐந்து மூட்டை, பத்து மூட்டை என்று தூக்கிக்கொண்டு போனால், இவ்வளவு கொஞ்சத்துக்கு மில்லை ஓட்ட முடியாது என்பார்கள். என் தொடரில் அதுவரை வந்த பதினோரு கட்டுரையில் மில் என்ற சொல்லே கிடையாது.

கிளம்பும்போது விதை வாங்கினேன். அங்கே ஜெயராமன் காலத்து வழக்கம் இது: 2 கிலோ விதை சும்மா தருவார்கள், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்ப வேண்டும். பேர், ஊர் எல்லாம் நோட்டில் ஏறும். லால்குடிப் பக்கம் மச்சானுக்கு நிலம் இருக்கிறது என்ற தைரியத்தில் பூங்கார் 2 கிலோ வாங்கி அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். மச்சான் வெளியூரில் இருந்தார். அத்தை அதைக் கோயில் நெல் என்று நினைத்து மற்ற நெல்லோடு சேர்த்து அவித்துவிட்டார். விதைநெல்லைத் தின்றவன் என்று யாரையாவது திட்டுவோமே, அது நான்தான்.

அடுத்த வருடம் ஊரடங்கு. கடனைக் கேட்க ஆளில்லை என்று உள்ளூர ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது.

இப்படிப் போன இடத்தில் பாடம் வாங்கியவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?

நாமக்கல்லிலிருந்து

நான் பாடம் வாங்கவில்லை, என் ஆயா (பாட்டி) கொடுத்ததைப் பார்த்தேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் கொல்லிமலை. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது ஞாபகம் இருக்கும். அந்த வருடம் எங்கே பார்த்தாலும் விழா. கீழே ஒரு ஊரில், கல்லூரி அரங்கத்தில், ‘மலையின் உணவு’ என்று ஒரு கூட்டம். ஆயாவைப் பேச அழைத்தார்கள், நான் துணைக்குப் போனேன். வாசலில் வரகு பீட்சா, தினை நூடுல்ஸ், கம்பு கேக். ஆயா எல்லாவற்றையும் ஒரு துண்டு வாங்கித் தின்று பார்த்தார். கேக் பிடித்திருந்தது. “சக்கர போட்டா எதுவும் நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

மேடையில் ஒருவர் மைக்கை நீட்டி, “சாமையை ஏன்ம்மா விட்டீங்க?” என்று கேட்டார். நாகரிகம், டி.வி. விளம்பரம், பிள்ளைகளின் நாக்கு என்று ஏதோ எதிர்பார்த்தார் போல.

ஆயா, “உலக்க” என்றார்.

அவருக்குப் புரியவில்லை. ஆயா விளக்கினார். சாமை குத்துவது நெல் குத்துவது மாதிரி இல்லை. மணி கடுகு போல் சின்னது, தோல் விடாது. குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். விடிகாலை எழுந்து குத்தினால்தான் மதியத்துக்குச் சோறு. அதுவும் வயசுக்கு வந்த பெண்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் தலையில்தான் விழும். மரவள்ளி போட்டால் சேலத்துச் சவ்வரிசி ஆலைக்காரர்களிடமிருந்து காசு வந்தது. ரேஷனில் அரிசி வந்தது. “தோள்பட்ட வலி போச்சு. திரும்பவும் குத்தச் சொன்னா நான் வரல சாமி.”

அரங்கம் ஒரு நொடி அமைதி. அப்புறம் மைக் வேறு பக்கம் போய்விட்டது. மறுநாள் செய்தித்தாளில் ஆயாவின் படம் வந்தது, அடியில் அவர் சொல்லாத ஒரு வரி: முன்னோர் உணவுக்குத் திரும்புவோம் என்று.

நியாயமாகச் சொன்னால், மலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஊருக்குள்ளேயே தோல் நீக்கும் இயந்திரம் கொண்டுவந்து பெண்கள் குழுக்களிடம் கொடுத்தார்கள். சில குடும்பங்களாவது சாமைப் பக்கம் திரும்பிப் பார்த்தது அதனால்தான் என்பது என் எண்ணம். சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று ரகப் பேரை அடுக்கி உருகி எழுதுகிறவர்கள், அந்த மெஷினைப் பற்றி ஒரு வரி எழுதி நான் படித்ததில்லை. படம் எடுத்தால் அழகாக இருக்காது, அதனால் இருக்கும்.

மதுரையிலிருந்து

நான் மரபு அரிசிக் கடை வைத்திருக்கிறேன். எல்லோரும் நோய்ப் பட்டியலை இப்படிச் சாடினால் என் பிழைப்பு என்ன ஆவது? ‘சர்க்கரைக்கு நல்லது’ என்று அட்டை சொருகிய மூட்டைதான் காலியாகிறது. தூயமல்லி சோறு மல்லிப்பூ மாதிரி இருக்கும் அண்ணாச்சி, சும்மா ரசத்துக்கே போதும் என்று தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். “அது எதுக்கு நல்லது?” என்பார்கள். வாய்க்கு நல்லது என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் திருச்சி நண்பர் சொன்ன அம்மாவின் பேச்சில் ஒன்று உறைக்கிறது. கருப்புக் கவுனி வாங்கியவர்களில் பாதிப் பேர் இரண்டாம் முறை வருவதில்லை. விலைதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஊறப்போடச் சொல்லி நான் யாரிடமும் சொன்னதில்லை. நாளைக்கே அட்டையின் பின்பக்கம் எழுதப்போகிறேன். முன்பக்கத்தை எடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கட பக்கத்துக் கதையொண்டு. திருநெல்வேலியில அம்மாச்சி உணவகம் இருக்கு, பெண்களே சமைச்சு விக்கிற இடம். (யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, உங்கட திருநெல்வேலி இல்லை.) விவசாயத் திணைக்களம் தொடக்கி விட்டது. குரக்கன் (கேழ்வரகு) பிட்டு, இலைக்கஞ்சி, உழுந்து வடை எல்லாம் கண் முன்னால சுடச்சுடக் கிடைக்கும். வெளிநாட்டில இருந்து வாற ஆக்களுக்கு அங்க போறது இப்ப கோயிலுக்குப் போறது மாதிரி.

போன முறை லீவில வந்த சொந்தக்காரர் கொஞ்சப்பேர், உணவு பற்றி எழுதுறவை ரெண்டு பேர், எல்லாரும் எங்கட வீட்டு முத்தத்தில கூடி, காய்ஞ்ச பனங்கிழங்கு மாவில செய்யிற ஒடியல் கூழ் காய்ச்சினம். அந்த ரெண்டு பேரில ஒருத்தர் அதுக்கு முதலே ஒரு சஞ்சிகையில ஒடியல் கூழ் எழுதினவர். நண்டு, றால், மீன் தலை, பலாக்கொட்டை, பயித்தங்காய், மரவள்ளி, புளி, செத்தல் மிளகாய் எண்டு எல்லாம் சரியா எழுதியிருந்தார். படமும் நல்ல படம், பனையோலைப் பிளாவில ஊத்தி.

அம்மம்மா கேட்டா, “மாவை எவ்வளவு நேரம் ஊறப்போட்டு வடிச்சனீர்?”

அவருக்கு அப்பிடியொரு வேலை இருக்கெண்டே தெரியாது. பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில காயவிட்டு இடிச்ச மா கசக்கும். தண்ணீரில ஊறவிட்டு, அந்தத் தண்ணியை இறுத்து ஊத்திப்போட்டுத்தான் கூழுக்கு எடுக்கிறது. அதை விட்டிட்டு மிச்சமெல்லாம் எழுதியிருக்கிறார். அதைப் பாத்து கனடாவில என்ர மச்சாள் காய்ச்சி, பெட்டியில கிடந்த நண்டு முழுக்க நாசம். அவ ஃபோனில அழாத குறை. இவர்தான் எழுதினவர் எண்டு நாங்கள் அவவுக்கு இன்னும் சொல்லேல்ல.

எத்தினை பிடி மா எண்டு கேட்டா அம்மம்மா கையைத்தான் காட்டுவா. அவவின்ர கை சின்னக் கை. அதையும் எழுத வேணும் போல.

திருச்சியிலிருந்து, மறுபடியும்

சின்னக் கை என்று படித்ததும் எழுந்து போய் நான் என் ஆழாக்கை எடுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளைச் சம்பா ஒரு ஆழாக்குக்கு உலைத்தண்ணி எவ்வளவு என்று அந்த அம்மா சொன்னதை அன்றைக்கே நோட்டில் எழுதியிருக்கிறேன், ‘பானையில் பாதிக்கு மேல்’ என்று. எந்தப் பானை என்று கேட்கத் தோன்றவில்லை. கொல்லிமலை ஆயாவிடம் ஒரு கேள்வி: மெஷினில் தோல் நீக்கிய சாமையின் ருசி உலக்கைச் சாமை மாதிரி இருக்கிறதா?

நாமக்கல்லிலிருந்து

கேட்டேன். உலக்கையில் குத்தினதுதான் ருசியாம். “ருசி வேணும்னா அந்தத் தம்பிய வந்து குத்தச் சொல்லு” என்கிறார்.

பாபநாசத்திலிருந்து

படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். திருச்சி அண்ணே, போன குறுவையில் அரை ஏக்கர் பூங்கார் போட்டேன், விதைக்கு எடுத்து வைத்தது இருக்கிறது. உங்கள் கடனுக்கு 4 கிலோ தருகிறேன், கூச்சப்படாமல் கொண்டுபோய்க் கொடுத்துப் பேரை அடித்துவிட்டு வாருங்கள். எனக்கு அடுத்த வருடம் 8 கிலோ. திண்ணையில் வைக்காதீர்கள்.