மாத மளிகையையும் வாரச் சமையலையும் எடைக் குறைப்புக்கு ஏற்றபடி திட்டமிடுவது எப்படி?

நொச்சி (தாம்பரம்):

எங்கள் வீட்டில் நான், என் கணவர், மாமியார், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு படிக்கும் மகன் என ஐந்து பேர் இருக்கிறோம். மகளைத் தவிர மற்ற எல்லோருக்கும் எடை கூடியிருக்கிறது. மாமியாருக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்வதால், மளிகை, காய்கறி, மாவு எல்லாமே கைப்பேசிச் செயலி வழியாகத்தான் வீட்டுக்கு வருகின்றன. குடும்பமாகச் சேர்ந்து எடையைக் குறைப்பது என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சமைக்க எனக்கு நேரம் கிடையாது.

சென்ற மாதம் வாங்கியவற்றைச் செயலியிலிருந்தே கூட்டிப் பார்த்தேன். பொன்னி அரிசி 25 கிலோ, இட்லி அரிசி 7 கிலோ, கோதுமை மாவு 10 கிலோ, ரவையும் சேமியாவும் சேர்த்து 3 கிலோ. துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து 2 கிலோ, மற்ற பருப்புகளும் பயறுகளும் 1 கிலோ. எண்ணெய் வகைகள் 6 லிட்டர், சர்க்கரை 5 கிலோ. வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு நீங்கலாகக் காய்கறி வாரத்துக்கு ஏறத்தாழ 5 கிலோ வருகிறது. பிஸ்கட், நொறுக்குத் தீனி ஆகியவற்றின் கணக்கு தனி. அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. இந்தப் பட்டியலில் எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது, வாரச் சமையலை எப்படி வகுத்துக்கொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அளவுக்கரண்டி (உணவியல் ஆலோசகர், திருச்சி):

சகோதரி, ஆலோசனைக்கு வருபவர்களிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பாதியை மறந்துவிடுவார்கள்; கடைச் சீட்டு எதையும் மறப்பதில்லை. அந்த வகையில், நீங்கள் தந்திருக்கும் பட்டியலை நல்ல மருத்துவக் குறிப்பாகவே கொள்கிறேன்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கிலோ கலோரி கொண்ட ஒரு நாள் உணவை இவ்வாறு பிரிக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். தானியம், பருப்பு ஆகியவை சமைப்பதற்கு முந்தைய எடையில் சொல்லப்பட்டவை.

இப்போது உங்கள் மாதக் கணக்கை ஐந்தால் வகுத்து, முப்பதாலும் வகுத்துப் பாருங்கள். தானியம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் வருகிறது. பருப்பு 33 கிராம்தான். எண்ணெய் ஏறத்தாழ 36 கிராம், சர்க்கரை 33 கிராம், காய்கறி 140 கிராமை ஒட்டி நிற்கிறது. வீட்டில் எல்லோரும் ஒரே அளவு உண்பதில்லை என்பதால் இந்தச் சராசரியைச் சற்று எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. தானியத்தில் மிகையாக உள்ள 50 கிராம் மட்டும் ஏறத்தாழ 170 கிலோ கலோரி. எண்ணெயில் மிகையாக உள்ள 9 கிராம் இன்னுமொரு 80. சர்க்கரையைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் தன் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்துவது மேலும் நல்லது என்கிறது. பிஸ்கட்டிலும் பானங்களிலும் மறைந்திருக்கும் சர்க்கரையும் அந்த 25 கிராமில்தான் அடங்க வேண்டும்.

ஆகவே அடுத்த மாதப் பட்டியலில் பொன்னியை 18 கிலோவாகவும், கோதுமை மாவை 8 கிலோவாகவும், எண்ணெயை 4 லிட்டராகவும், சர்க்கரையை 2 கிலோவாகவும் குறைத்துக்கொள்ளுங்கள். பருப்பு, பயறு, கொண்டைக்கடலை எல்லாம் சேர்ந்து 8 கிலோவுக்குக் குறையாமல் வரட்டும். முட்டை உண்பவர்கள் என்றால் அதையும் தாராளமாகச் சேர்க்கலாம். 400 கிராம் கணக்கின்படி ஐந்து பேருக்கு வாரத்துக்கு 14 கிலோ காய்கறி தேவை. ஒரேயடியாக அவ்வளவு வாங்கினால் பாதி அழுகிப்போகும் என்பதால், முதலில் 8 அல்லது 9 கிலோ என்று தொடங்குங்கள். செயலிகளில் அவரைக்காயும் பீன்ஸும் 250 கிராம் பொட்டலமாக வருவதே காய்கறி குறைவதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஐந்து பேருக்கு 250 கிராம் பொரியல் என்றால் அது தட்டின் ஓரத்துக்கு மட்டுமே போதும். வெறும் வயிற்றைச் சோறுதான் நிரப்பும்.

வாரத்துக்கு அரை கிலோ எடை குறைவதே பாதுகாப்பான வேகம். அதைவிட வேகமாகக் குறைக்கும் ஆசை வேண்டாம்.

கோவைப் பை:

அளவுகளை ஆலோசகர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் வாங்குவதும் திட்டமிடுவதும் என் பொறுப்பு என்பதால், நடைமுறையைப் பற்றி எழுதுகிறேன்.

பெரும்பாலோர் முதலில் பொருளை வாங்கிவிட்டு, பிறகு இருப்பதை வைத்து என்ன சமைக்கலாம் என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை இரவு, சாப்பிட்ட பிறகு (பசியோடு செயலியைத் திறப்பவர் வாங்கும் பட்டியல் வேறு மாதிரி இருக்கும்), அடுத்த வாரத்துக்கான பட்டியலை எழுதிவிடுங்கள். அதில் குறிப்பிட்ட காயின் பெயரை எழுதாமல் வகையை மட்டும் எழுதுவது நல்லது. திங்கள் கீரையும் பருப்பும், செவ்வாய் நாட்டுக்காய்ப் பொரியலும் சாம்பாரும், புதன் நீர்க்காய்க் கூட்டு என்று இருந்தால், புடலங்காய் இருப்பில் இல்லை என்று செயலி சொல்லும்போது பீர்க்கங்காயோ சுரைக்காயோ அந்த இடத்தில் அமர்ந்துகொள்ளும், திட்டம் குலையாது.

சனிக்கிழமை மாலை பொருள் வந்து சேரும்படி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கீரை, வெண்டை, கத்தரி போன்றவற்றை வாரத்தின் தொடக்கத்திலும், கோஸ், கேரட், பீட்ரூட், பூசணி ஆகியவற்றை வியாழன், வெள்ளியிலும் வைத்துக்கொண்டால் எதுவும் வீணாகாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கணவரையும் பிள்ளைகளையும் உட்காரவைத்துக் கீரையை ஆய்ந்து, பீன்ஸை நறுக்கி, துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டால், வேலை முடிந்து களைப்போடு வரும் நாளில் வெளியிலிருந்து பரோட்டா வரவழைக்கும் எண்ணமே எழாது.

கட்டணமில்லாமல் கொண்டுவந்து தர இத்தனை ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்ற வரம்பு இருக்கிறதே, அதைத் தொடுவதற்காக நாம் சேர்ப்பது பெரும்பாலும் பிஸ்கட்டாகவோ சிப்ஸாகவோ இருக்கிறது. அந்த இடத்தில் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை என்று கெடாத பொருளைச் சேர்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 'மீண்டும் வாங்கு' என்று செயலி தானாகவே காட்டும் பட்டியலைத் தொடவே வேண்டாம். அது உங்கள் பழைய பழக்கத்தை உங்களுக்கே திரும்ப விற்பது. பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் செயலிகளைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கடுமையானது: இரவு எட்டு மணிக்கு மேல் அவற்றில் வாங்கப்படும் எதுவும் சமையலுக்கானதாக இருப்பதில்லை. அவற்றைக் கைப்பேசியிலிருந்தே நீக்கிவிட்டு, வாரம் ஒருமுறை வரும் சேவையை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

வேப்பம்பூ (கடலூர்):

எல்லாரும் செயலியைச் சுற்றியே பேசுகிறீர்கள். பையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு நடந்து போனால் உடலுக்கும் நல்லது, காயையும் கையால் பார்த்து வாங்கலாம். உழவர் சந்தை 1999-இல் மதுரையில் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ ஊர்களுக்கு வந்துவிட்டது. அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள், 250 கிராம் பொட்டலமும் கிடையாது. அரிசியைக் குறைப்பதற்குப் பதிலாகச் சாமை, வரகு, தினைக்கு மாறிவிட்டால் எடை தானாக இறங்கும் என்பதும் என் கருத்து.

அளவுக்கரண்டி (உணவியல் ஆலோசகர், திருச்சி):

ஐயா, சந்தையைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஞாயிறு காலை நேரம் கிடைப்பவர்கள் காய்கறியையாவது அங்கே வாங்கலாம். ஆனால் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், செயலியைக் கைவிடச் சொன்னால் அந்தப் பொறுப்பும் கடைசியில் பெண்ணின் தலையில்தான் விழுகிறது என்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன்.

சிறுதானியத்தைப் பற்றி ஒரு திருத்தம். நார்ச்சத்து கூடுதலாக இருப்பதால் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கலாம். ஆனால் சமைக்காத சாமையிலும் தினையிலும் 100 கிராமுக்கு உள்ள கலோரி, அரிசியில் உள்ளதற்கு ஏறத்தாழ நெருக்கமானதுதான். 300 கிராம் அரிசிக்குப் பதிலாக 300 கிராம் வரகு உண்டால் எடையில் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்க முடியாது. சர்க்கரைக்குப் பதில் வெல்லம் என்பதும் இதே கதைதான். அளவு குறைந்தால் எந்தத் தானியமும் சரி.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். செயலியில் 'மல்டிகிரெய்ன்', 'டயட்' என்றெல்லாம் முன்பக்கம் எழுதியிருக்கும் பொருள்களை வாங்கும் முன், பொட்டலத்தின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். முதலிடத்தில் மைதாவும் இரண்டாமிடத்தில் சர்க்கரையும் இருந்தால் பெயர் என்னவாக இருந்தாலும் அது பிஸ்கட்தான். மால்ட் கலந்த பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் இணையக் கடைகள் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது நினைவிருக்கலாம். உங்கள் மகனுக்கு அப்படி ஏதாவது கலந்து கொடுக்கிறீர்கள் என்றால், வெறும் பாலே போதுமானது.

நொச்சி (தாம்பரம்):

அனைவருக்கும் நன்றி. மால்ட் பானம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. மாமியாருக்கும் மகனுக்கும் இதே உணவைக் கொடுக்கலாமா? இரவில் எங்கள் வீட்டில் பெரும்பாலும் வாங்கிய மாவில் சுட்ட தோசையும், சட்னியும்தான். அதற்கு மாற்றாக, வேலை முடிந்து வந்து விரைவாகச் செய்யக்கூடியது என்ன இருக்கிறது?

அளவுக்கரண்டி (உணவியல் ஆலோசகர், திருச்சி):

சமையல் ஒன்றாகவே இருக்கலாம். பரிமாறும் அளவுதான் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். உங்கள் மாமியார் கிளிமெபிரைடு போன்ற சல்போனைல்யூரியா வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், சோற்றின் அளவைத் திடீரென்று குறைக்கும்போது இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். எனவே உணவை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி, மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. சிறுநீரகப் பாதிப்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இருந்தால் பருப்பைக் கூட்டும் ஆலோசனை அவருக்குப் பொருந்தாது.

மகனுக்குக் கலோரிக் கணக்கே வேண்டாம். வளரும் வயதில் உயரம் கூடிக்கொண்டே போவதால், எடை ஏறாமல் நின்றாலே போதும் என்ற நிலைதான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு. இனிப்புப் பானத்தையும் பொட்டலத் தீனியையும் வீட்டுக்குள் வரவிடாமல், முட்டை, சுண்டல், பழம் ஆகியவற்றை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். மாலையில் விளையாட அனுப்புங்கள். அவன் முன்னிலையில் யாருடைய எடையைப் பற்றியும் பேசாமல் இருப்பது நல்லது. பதின்வயது மகள் இருக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம்.

பெரியவர்களுக்கு இடுப்புச் சுற்றளவையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டரும் பெண்களில் 80 சென்டிமீட்டரும் எல்லை என்று கொள்ளப்படுகின்றன. எடைக் கருவி நகராத வாரங்களிலும் இந்த அளவு குறையக்கூடும்.

கோவைப் பை:

இரவுக்கு எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். தோசையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அதை வைத்துக்கொண்டு, சட்னியோடு காய் நிறைந்த சாம்பாரையும் சேர்த்தால் இரண்டு தோசையில் நிறைவு வந்துவிடும். மற்ற நாள்களில் அடை, பாசிப்பயறு தோசை, முட்டைப் பொரியலோடு ஒரு சப்பாத்தி, கொண்டைக்கடலைச் சுண்டலோடு மோர் என்று மாற்றிக்கொள்ளலாம். அடைக்கு இட்லி அரிசி ஒரு பங்கு என்றால் துவரை, கடலை, பாசி, உளுந்து எல்லாம் சேர்ந்து இரண்டு பங்கு போடுங்கள். காலையில் அலுவலகம் கிளம்பும் முன் ஊறவைத்துவிட்டால், மாலையில் அரைத்தவுடனே சுடலாம், புளிக்கவைக்க வேண்டியதில்லை. மாவில் முருங்கைக்கீரையையோ துருவிய சுரைக்காயையோ கலந்தால் அன்றைய காய்கறிக் கணக்கும் கொஞ்சம் ஏறும்.

எண்ணெயை 4 லிட்டரில் நிறுத்துவதற்கு ஒரு வழி உண்டு. மாதத் தொடக்கத்தில் 4 லிட்டர் வாங்கியதும், ஒவ்வொரு லிட்டர் உறையின் மேலும் எந்த வாரத்துக்கு என்று எழுதி வைத்துவிடுங்கள். மூன்றாம் வாரத்து எண்ணெயை இரண்டாம் வாரமே பிரிக்க நேர்ந்தால், பூரியும் அப்பளமும் எத்தனை முறை வந்தன என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தோசைக்கல்லில் எண்ணெயைப் புட்டியிலிருந்து நேராக ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடுங்கள்.