ஏஇவயர் கட்டளை ஓடாததற்கு டபிள்யூடி_எம் பிளாக்தான் காரணமா?

கான்டாக்டர்:
மின்சுற்று வரைபடங்கள் வரையும் ஆட்டோகேட் எலெக்ட்ரிகலில், கம்பி வரைவதற்கான ஏஇவயர் கட்டளையைத் தட்டினால் ‘அறியப்படாத கட்டளை’ என்று வருவதாக ஒருவர் கேட்டிருந்தார். ‘வரைபடத்தில் டபிள்யூடி_எம் பிளாக் இல்லை, செருகினால் சரியாகிவிடும்’ என்று பழைய வரைஞர் பதில் தந்திருக்கிறார். இது தவறு. வரைபடத்தின் எலெக்ட்ரிகல் அமைப்புகளைத் தாங்கும் அந்த பிளாக் இல்லாவிட்டால் மென்பொருளே ஒரு பெட்டியைத் திறந்து, செருகட்டுமா என்று கேட்கும். அப்படிக் கேட்பதற்கே கட்டளை ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். கட்டளையின் பெயரே தெரியாது என்றால், இந்தக் கட்டளைகளைத் தரும் எலெக்ட்ரிகல் தொகுப்பு ஏறவில்லை என்று பொருள்.

பழைய வரைஞர்:
டபிள்யூடி_எம் இல்லாத வரைபடம் எலெக்ட்ரிகல் வரைபடமே அல்ல. கம்பி எண்ணின் வடிவமும் ஏணி வடிவச் சுற்றான லேடரின் அமைப்பும் கண்ணுக்குத் தெரியாத அந்த பிளாக்கில்தான் இருக்கின்றன. மோட்டார் கட்டுப்பாட்டுப் பேனல்களைக் காகிதத்தில் வரைந்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம்.

கான்டாக்டர்:
அந்த பிளாக் தேவையில்லை என்று யார் சொன்னார்கள்? இந்தப் பிழைக்கு அது காரணமில்லை என்றுதான் சொல்கிறேன். 2019 பதிப்பிலிருந்து எலெக்ட்ரிகல், ஆட்டோகேட் சந்தாவுடன் வரும் தொகுப்புகளுள் ஒன்று. அதைத் தனியே நிறுவ வேண்டும். நிறுவியவர்களிலும் பலர் பழக்கத்தில் வெறும் ஆட்டோகேட் ஐகானைத் திறந்துவிடுகிறார்கள். ஷார்ட்கட்டின் பண்புகளில், டார்கெட் வரியில் ப்ராடக்ட் என்பதற்குப் பின் ஏசிஏடிஇ என்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, ஏற்கெனவே அந்த பிளாக் இருக்கும் வரைபடத்தில் இன்னொன்றைச் செருக வைத்தால், எந்த பிளாக்கிலிருந்து அமைப்புகளைப் படிப்பது என்ற குழப்பம் புதிதாக வந்து சேரும்.

வயர்நம்பர்:
கேட்டவர் ஆட்டோகேடின் வசதி குறைந்த பதிப்பான எல்டி வைத்திருக்கலாம் அல்லவா? அதில் எலெக்ட்ரிகல் தொகுப்பே கிடையாது. முழுப் பதிப்பாக இருந்தால் நிரல் கோப்புகள் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் செக்யூர்லோட் மாறியைச் சுழியாக்கிப் பார்க்கலாம். எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கணினியிலும் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

கான்டாக்டர்:
தயவுசெய்து இந்த அறிவுரையை யாரும் பின்பற்றாதீர்கள். சுழியாக்கினால் எந்தக் கோப்புறையில் கிடக்கும் லிஸ்ப் நிரல் கோப்பும் கேள்வியின்றி ஏறிவிடும். நம்பகமான கோப்புறையை டிரஸ்டட்பாத்ஸ் பட்டியலில் சேர்ப்பதே முறை.

வயர்நம்பர்:
வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது உங்கள் முறையைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமில்லை.

பழைய வரைஞர்:
கான்டாக்டர் எல்லோரையும் திருத்த வந்தவர். ஆடிட் கட்டளையே போதும் என்று நான் எழுதியபோதும் இப்படித்தான் பாய்ந்தார். நான் மறக்கவில்லை.

கான்டாக்டர்:
அப்போதும் சரியாகத்தான் சொன்னேன். ஆடிட், கோப்பின் கட்டமைப்பில் உள்ள பழுதைச் சரிபார்ப்பது. இணைப்பற்ற கம்பிகளையும் இருமுறை வந்த உறுப்புக் குறியீடுகளையும் எடுத்துக்காட்டுவது ஏஇஆடிட். முதலாவதை ஓட்டி ‘பிழை இல்லை’ என்று பார்த்துவிட்டுப் பேனலைக் கட்ட அனுப்பினால், ஒரே குறியீட்டுடன் இரண்டு ரிலேக்கள் பணிமனைக்குப் போய்ச் சேரும். அந்த இழப்பு வயரிங் செய்பவரின் தலையில் விழுகிறது. அதனால்தான் விடாமல் எழுதுகிறேன்.

இப்போதைய விஷயத்துக்குச் சோதனை எளிது. டபிள்யூடி_எம் ஏற்கெனவே உள்ள உங்கள் வரைபடம் ஒன்றை வெறும் ஆட்டோகேடில் திறந்து ஏஇவயர் என்று தட்டுங்கள். உங்கள் கூற்றுப்படி அது ஓட வேண்டும். ஓடியதா என்று இங்கே எழுதுங்கள்.

பழைய வரைஞர்:
உங்கள் சோதனைகளைச் செய்ய நான் உங்கள் மாணவன் அல்லன். பிளாக் இல்லாமல் கம்பி எண் வருமா, வராதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கான்டாக்டர்:
கேள்வி கம்பி எண்ணைப் பற்றியதே அல்ல. தட்டிப் பார்த்தீர்களா?

பழைய வரைஞர்:
வருமா, வராதா?

வயர்நம்பர்:
கேட்டவர் எந்தப் பதிப்பு வைத்திருக்கிறார் என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. செக்யூர்லோட் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.