இன்சுலின் நார்மல் என்று ரிசல்ட் வந்திருக்கிறது, ஆனால் மட்டக்குதிரையின் பிடரி கல் மாதிரி இருக்கிறது. இ.எம்.எஸ். (குதிரைகளுக்கு வரும் இன்சுலின் கோளாறு) இல்லை என்று விட்டுவிடலாமா?

கேள்வி:
யார்க்‌ஷயரில் இருக்கிறோம். மகளுக்காக வாங்கிய வெல்ஷ் செக்‌ஷன் ஏ இன மட்டக்குதிரை, பெண், 9 வயது, நாடா வைத்து அளந்தால் 240 கிலோ காட்டுகிறது. பிடரியில் கொழுப்பு கெட்டியாகத் திரண்டு நிற்கிறது, வால் அடியிலும் மெத்தை மாதிரி இருக்கிறது. வசந்தகாலப் புல் வந்ததும் கல் தரையில் தயங்கித் தயங்கி நடந்தாள். ராத்திரி முழுக்கத் தீனி கொடுக்காமல் காலையில் ரத்தம் எடுத்தார்கள். சுகரும் நார்மல், இன்சுலினும் நார்மல். லாயத்தில் ஒருவர் "பேசாமல் நாலு நாள் பட்டினி போடுங்கள், இறங்கிவிடும்" என்கிறார். என்ன செய்வது?

பதில் 1 (கால்நடை மருத்துவர்):
முதலில் அந்தப் பட்டினி யோசனையை விட்டுவிடுங்கள். குண்டான மட்டக்குதிரைக்குத் திடீரென்று தீனியை நிறுத்தினால் உடம்புக் கொழுப்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கி ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஹைப்பர்லிப்பீமியா என்போம், ஷெட்லண்ட் இன மட்டக்குதிரைகளிலும் கழுதைகளிலும் இது நிறையவே வரும்.

டெஸ்ட் விஷயம். மனிதர்களுக்குப் பார்க்கிற மாதிரி சுகரை மட்டும் பார்த்தால் குதிரையில் ஒன்றும் தெரியாது, கணையம் இன்சுலினை அள்ளிக்கொட்டிச் சுகரைச் சமாளித்துவிடும், அந்த அதிகப்படி இன்சுலின்தான் குளம்பைக் கெடுக்கிறது (நல்ல ஆரோக்கியமான மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றி, சுகர் இறங்காமல் குளுக்கோஸும் கொடுத்து, லாமினைட்டிஸ் என்கிற குளம்பு அழற்சியை வரவைத்துக் காட்டியிருக்கிறார்கள், 2007இல்). வெறும் வயிற்றில் எடுத்த இன்சுலின் நார்மலாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகாது. நோயுள்ள பல குதிரைகள் அதில் தப்பித்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கார்ன் சிரப் கொடுத்துச் செய்யும் டெஸ்ட்டைக் கேளுங்கள். சில மணி நேரம் மட்டும் தீனியை நிறுத்தி, கிலோவுக்கு 0.15 முதல் 0.45 மில்லி வரை சிரப்பை வாயில் செலுத்தி, 60 முதல் 90 நிமிடத்துக்குள் ரத்தம் எடுப்பார்கள். 0.45 என்றால் உங்களுடையதற்கு 108 மில்லி. எந்த அளவுக்கு மேல் போனால் நோய் என்பது சிரப் அளவையும் லேபின் கருவியையும் பொறுத்தது, அதனால் வேறு லேபின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். கால் வலி இருக்கும்போது செய்ய வேண்டாம், வலியும் பதற்றமுமே இன்சுலினைக் கூட்டிவிடும். குளம்பை எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். 9 வயதில் குஷிங்ஸ் (வயதான குதிரைகளுக்கு வரும் ஹார்மோன் நோய்) அவ்வளவாக வராது, சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஏ.சி.டி.எச். ஹார்மோனைப் பார்க்கலாம்.

பதில் 2:
எங்களுடையது ஷெட்லண்ட், இதே கதைதான். டெஸ்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள், இருக்கிறது என்றே நினைத்து இன்றைக்கே புல்வெளியிலிருந்து எடுங்கள். காய்ந்த புல் ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 சதவீதம், ஈரம் நீக்கிய கணக்கில். 240 கிலோவுக்கு 3.6 கிலோ, தராசில் சுமார் 4.2 கிலோ நிற்கும். கண் மதிப்பில் போடாதீர்கள், கண் எப்போதும் தாராளமாகத்தான் போடும். எடை போட்ட பிறகு பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், சர்க்கரை அதோடு போகும். எவ்வளவு போகும் என்பது புல்லுக்குப் புல் வேறுபடும். தாது உப்பும் கூடவே போய்விடும் என்பதால் சர்க்கரை குறைந்த பேலன்சர் (தாது உப்பு, வைட்டமின் சேர்த்த தீவனம்) ஒன்று கட்டாயம். சின்னக் கண் வலையில் பல வேளையாகப் பிரித்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே மூச்சில் முடித்துவிட்டு வேலியைக் கடிப்பாள்.

பின்னால் மேய விட வேண்டி வந்தால் வாய்க்கூடை போடுங்கள், விடிகாலையில் விடுங்கள். ஆனால் இரவு உறைபனி பெய்து காலையில் வெயில் அடித்தால் விடவே கூடாது, அப்போதுதான் புல்லில் சர்க்கரை ஏறி நிற்கும். மொட்டையாக மேய்ந்த புல்தானே என்றும் நம்பாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. மாத்திரை ஏதாவது உண்டா? நடக்க வைத்தால் எடை குறையாதா?

பதில் 1:
கால் தேறி, லாடக்காரரும் சரி என்ற பிறகு நடை, அப்புறம் மெதுவாக ஓட்டம். உடற்பயிற்சி இன்சுலினுக்கு நல்லது, ஆனால் வலிக்கிற குளம்பில் ஓட்டினால் உள்ளே எலும்பு சரியும். மாத்திரை என்றால் மெட்ஃபார்மின் குதிரைக் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எர்டுகிளிஃப்ளோசின் போன்றவை இன்சுலினை நன்றாக இறக்குகின்றன. மனிதர்களின் சர்க்கரை நோய் மருந்து, குதிரைக்கென்று உரிமம் பெற்றதல்ல, ரத்தக் கொழுப்பையும் ஏற்றும். அதனால் இன்சுலின் மிக அதிகமாக இருந்து தீனியால் அடங்காதபோதுதான், ரத்தப் பரிசோதனையோடு. இன்னொன்று, வேறு எதற்காவது ஸ்டீராய்டு ஊசி போட யாராவது வந்தால் இந்த விஷயத்தை முதலில் சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
சிரப் டெஸ்ட்டுக்கு முன்னால் வாயில் சிரிஞ்சு வைத்து வெறும் தண்ணீரில் பழக்குங்கள். பாதியைத் துப்பிவிட்டால் டெஸ்ட்டே வீண்.