பொருள்: ‘ரேடியாலஜிகல் சேஃப்டி ஆபீசர்’: தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சு)

காரைக்குடியிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழகக் கதிர்வீச்சுக் கையேட்டின் தமிழ் வடிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆய்வகக் கதவுகளில் மாட்டும் பலகைகளும் அதோடுதான். தலைப்பில் உள்ள பதவிப்பெயர், அதாவது ஆய்வகங்களில் கதிர்வீச்சு அளவைப் பார்த்து ஆலோசனை சொல்பவரின் பெயர், மட்டும் இன்னும் இழுக்கிறது. வரைவில் ‘கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர்’ என்று இருக்கிறது. விடலாமா? பலகையைப் படிக்கப்போவது பேராசிரியர்கள் மட்டுமல்ல. காலையில் கூட்ட வரும் அம்மாவும் இரவுக் காவலாளியும் படிக்க வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

விடக்கூடாது. கதிரியக்கம் என்றால் அணுக்கரு தானாகச் சிதைவது. எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் கருவியில் (படிக அமைப்பை ஆராய்வது) கதிரியக்கப் பொருள் துளியும் கிடையாது. 40 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான் போய்ச் செம்பில் மோதுகிறது, கதிர் வருகிறது. சுவிட்சை அணைத்தால் நின்றுவிடுகிறது. ‘கதிரியக்க’ அலுவலர் என்று போட்டால் இந்தக் கருவிக்காரர் “அவர் நமக்கில்லை” என்று ஒதுங்கிக்கொள்வார். விரல் வெந்துபோவதோ இங்கேதான். மாதிரியைச் சரியாக வைக்கும் அவசரத்தில் கதவைத் திறந்தால் கதிரை நிறுத்தும் இன்டர்லாக்கை முடக்கிவிட்டு, கற்றையை மறிக்கும் ஷட்டர் திறந்திருக்கும்போதே கையை விடுவார்கள். கற்றையின் அகலம் சில மில்லிமீட்டர்தான். வாங்கிய கதிர்வீச்சைப் பதிய நெஞ்சில் குத்திய டி.எல்.டி. பேட்ஜுக்கு அது தெரியவே தெரியாது. அதற்கு விரலில் போடும் மோதிர டோசிமீட்டர் (கதிர்வீச்சு அளவி) வேண்டும். ஆகவே ‘கதிர்வீச்சு’ என்றே தொடங்குங்கள்.

கோட்டையூரிலிருந்து:

> ‘கதிர்வீச்சு’ என்றே தொடங்குங்கள்

சரி. சிக்கல் பின்பாதியில் இருக்கிறது. சேஃப்டி (விபத்து நேராமல் காப்பது), செக்யூரிட்டி (களவு போகாமல் காப்பது), புரொடெக்‌ஷன் மூன்றையும் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். அலுவலகக் கோப்புகளில் ‘பாதுகாப்பு அலுவலர்’ என்றால் வாயிற்காவலை மேற்பார்ப்பவர். அதோடு, ‘நாட்டுப் பாதுகாப்பு’ நாட்டைக் காப்பது. ‘கதிர்வீச்சுப் பாதுகாப்பு’ கதிர்வீச்சைக் காப்பதா? சந்தியும் கைகொடுக்காது. ‘வீச்சு’ வன்றொடர்க் குற்றியலுகரம். பொருள் எதுவானாலும் ‘ப்’ மிகத்தான் செய்யும். ‘புலி கொல் யானை’யில் கொன்றது எது என்று உரையாசிரியர்கள் பட்ட பாடுதான்.

நம்மிடம் ‘ஏமம்’ என்ற சொல் இருக்கிறது. குறள் 306-இல் ‘ஏமப் புணை’ வருகிறது. கரை சேர்க்கும் பாதுகாப்பான தெப்பம். சேஃப்டிக்கு அச்சாகப் பொருந்தும். ‘சேமம்’ வடமொழி, ‘ஏமம்’ அதிலிருந்து தேய்ந்தது என்பாரோடு நான் உடன்படவில்லை. ஏம், ஏமம், ஏமாப்பு என்று நம் வேரிலேயே கிளை விரிகிறது. ‘கதிர்வீச்சு ஏமாள்’ எனலாம்.

பள்ளத்தூரிலிருந்து:

ஐயா, மன்னிக்க வேண்டும். பலகை மாட்டிய மறுநாளே எவனாவது ஒரு மாணவன் புள்ளியை அழித்துச் சுழி போட்டு ‘ஏமாளி’ ஆக்கிவிடுவான். ‘காவலர்’ என்றால் போலீஸ். ‘காப்பாளர்’ என்றால் விடுதி வார்டன். இரண்டும் போயிற்று. யாரைக் கேட்பது என்று தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு ‘கதிர்வீச்சுப் பொறுப்பாளர்’ நேராகப் புரியுமே?

கானாடுகாத்தானிலிருந்து:

ஆச்சி, ‘பொறுப்பு’தான் இருப்பதிலேயே ஆபத்தான சொல். ‘பதிவாளர் (பொறுப்பு)’ என்றால் தற்காலிகமாக நாற்காலியில் இருப்பவர். அது சின்னக் குழப்பம். பெரிய குழப்பம், அந்தப் பெயரே முழுப் பொறுப்பையும் இவர் தலையில் இறக்கிவிடும். 2004-ஆம் ஆண்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளைப் பாருங்கள். இவரை அமர்த்துவது நிறுவனம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதலோடு. கணக்கெடுப்பது, கதிர்வீச்சு அளவை பார்ப்பது, பயிற்சி தருவது, நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்வது இவர் வேலை. பேட்ஜும் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரும் வாங்கித் தருவது, ஊழியர் வாங்கிய கதிர்வீச்சின் ஏற்பளவுப் பதிவேடு காப்பது, மூலம், அதாவது கதிர்வீச்சு தரும் பொருள், தொலைந்தால் 24 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தெரிவிப்பது எல்லாம் நிறுவனத்தின் கடமை. ஆய்வகத்தில் மூலத்தை அன்றாடம் கையாள்வதற்கு அந்தப் பேராசிரியர் பதில் சொல்ல வேண்டும்.

நம் ஊர்ப் பழக்கத்தில் சொன்னால், பர்மாக் கடைக்கு மேலாளை அனுப்பியதால் முதலாளின் கடமை தீர்ந்துவிடாது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒவ்வொருவருக்கும் அளந்த வேலை. இங்கே முதலாள் பல்கலைக்கழகம்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தில்லியின் பழைய இரும்புச் சந்தையான மாயாபுரி இருக்கிறது. 1968-இல் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை வாங்கிய காமா கருவி. 1985-க்குப் பிறகு பயன்பாட்டில் இல்லை. 2010-இல் பழைய இரும்போடு ஏலம் போயிற்று. அதனுள் இருந்த கோபால்ட்-60-இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 5.27 ஆண்டு. 42 ஆண்டில் எட்டு அரை ஆயுள், அதாவது 256-இல் ஒரு பங்குதான் மிச்சம். அதுவே ஒருவரைக் கொன்றது. சும்மா கிடந்த கருவிக்கு யார் ஆள் என்பது எவர் கணக்கிலும் இல்லை.

தேவகோட்டையிலிருந்து:

அப்படியானால் கோட்டையூர் ஐயாவின் வாதம் தலைகீழாகிறது. மாயாபுரியில் போனது சேஃப்டியா, செக்யூரிட்டியா? இரண்டும்தான். ஒரே ‘பாதுகாப்பு’ இரண்டையும் பிடிக்கிறது என்றால் அது நல்லதுதானே. வாயிற்காவலரை மக்கள் எப்படியும் ‘செக்யூரிட்டி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்; பலகையில் குழப்பம் வராது.

ஒரு விலகல்: கையேட்டில் பாஸ்பரஸ்-32 என்ற கதிரியக்கப் பொருள் பற்றிய பகுதியில் ‘ஈயத் தடுப்பு’ என்று இருக்கிறது. மாற்றுங்கள். அதன் பீட்டா கதிர் ஈயத்தில் பட்டால் எக்ஸ்ரே கிளம்பும்; ஒரு சென்டிமீட்டர் அக்ரிலிக் தகடுதான் சரி. கழிவை அரை ஆயுளின் பத்து மடங்கு, 143 நாள், வைத்திருந்து அளந்து பார்த்தபின் அகற்ற வேண்டும். தரைக்கு ஒட்டு, மூட்டு இல்லாத வினைல் விரிப்பு என்று தெளிவாக எழுதுங்கள். ஆத்தங்குடிக் கல் கண்ணுக்கு அழகு. சிந்திய கரைசலைக் குடித்துவிடும்.

கோட்டையூரிலிருந்து:

ஆத்தங்குடிக் கல்லைத் தொடாதீர்கள்! சரி, ‘ஏமாள்’ போகட்டும். ‘காப்பு’ என்றாவது சுருக்குங்கள். ‘பாது’ ஒட்டாத வேர் அதுதான்: கா, காவல், காப்பு. ஊர்த் திருவிழாவில் கையில் கட்டுவதும் அதுவே. ‘வெயில்காப்பு’ என்றால் வெயிலைக் காப்பது என்று யாரும் நினைப்பதில்லை. ‘கதிர்வீச்சுக் காப்பு அலுவலர்’ என்றாலும் நினைக்க மாட்டார்கள்.

பள்ளத்தூரிலிருந்து:

காப்பீட்டு ஏஜெண்டு என்று நினைப்பார்கள்.

காரைக்குடியிலிருந்து:

நாளை மாலை கோப்பை அனுப்பியாக வேண்டும். குழுவினர் வாக்கை எண்ணிப் பார்த்தேன்: ‘கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்’ ஐந்து பேர், ‘காப்பு’ இருவர், ‘ஏமம்’ ஒருவர். பலகையில் பெரும்பான்மைப் பெயர், கீழே தொலைபேசி எண், அதற்கும் கீழே ‘இந்த அறைக்குப் பொறுப்பு’ என்று ஆய்வகப் பேராசிரியர் பெயர். கானாடுகாத்தான் அண்ணன் சொன்ன நிறுவனக் கடமைகள் கையேட்டின் முதல் பக்கத்துக்கு வருகின்றன, பதிவாளர் கையெழுத்தோடு.

கோட்டையூரிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொல்லடைவில் ‘ஏமம்: சேஃப்டி’ என்று ஒரு வரியாவது இருக்கட்டும்.

தேவகோட்டையிலிருந்து:

அச்சுக்குப் போகுமுன் 14-ஆம் பக்கத்தைப் பாருங்கள். ஊழியர் ஏற்கலாகும் கதிர்வீச்சின் ஆண்டு வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக 20 மில்லிசீவர்ட், எண் சரி. ஆனால் ‘டோஸ்’ என்பதற்கு ‘மருந்தளவு’ என்று போட்டிருக்கிறது.