மெயில்மேன் 2.1: உறுப்பினர் அல்லாதவர் மடல்களை எப்படி அமைப்பது?

கேள்வி:
மெயில்மேன் என்ற மடற்குழு மென்பொருளில் நடக்கும் எங்கள் குழுவில் வெளியார் மடல் எல்லாமே ஒப்புதலுக்கு நிற்கிறது, பெரும்பாலும் எரிதம் (ஸ்பேம்). 'ரிஜெக்ட்' (மறுத்து, அனுப்பியவருக்குத் தெரிவிப்பது) என மாற்றிவிடலாமா?

பதில் 1:
வேண்டாங்க. எரிதத்தில் அனுப்புநர் முகவரி போலியாக இருக்கும். நிராகரிப்பு மடல் சம்பந்தமில்லாத ஒருவருக்குப் போய்ச் சேரும், உங்கள் சர்வர் தடைப்பட்டியலில் ஏறவும் கூடும். பிரைவசி ஆப்ஷன்ஸ் → சென்டர் ஃபில்டர்ஸ் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் உறுப்பினர் அல்லாதவருக்கான பொது நடவடிக்கை இருக்கும். அதை 'ஹோல்ட்' (ஒப்புதலுக்கு நிறுத்திவைப்பது) என்றே விடுங்கள். தெரிந்த வெளியார் முகவரிகளை அதற்கு மேலுள்ள 'ஏற்க வேண்டியவர்' பெட்டியில் வரிக்கு ஒன்றாக இடுங்கள். அந்தப் பெட்டிதான் முதலில் பார்க்கப்படும். ஒரு டொமைன் முழுவதற்கும் வேண்டுமானால் வரியை ^.*@ என்று தொடங்கி, டொமைன் பெயரிலுள்ள புள்ளிக்கு முன் \ போடுங்கள், முடிவில் $ மறக்காதீர்கள். விட்டால் அதே எழுத்துகளில் தொடங்கும் வேறு டொமைனும் நுழைந்துவிடும்.

பதில் 2:
சிக்கும் நல்ல மடல்களில் பல, உறுப்பினரே வேறு முகவரியிலிருந்து அனுப்பியவையாக இருக்கும். அந்த இரண்டாம் முகவரியையும் சேர்த்து 'நோமெயில்' (அந்த முகவரிக்குக் குழு மடல் போகாது) டிக் செய்யுங்கள். அனுப்பலாம், மடல் இரட்டிக்காது. ஒப்புதலுக்குத் தேங்கும் மடல்களுக்கு ஜெனரல் ஆப்ஷன்ஸில் நாள் வரம்பு உண்டு. 0 என்றால் தானாக அழியாது; 7 வைத்தால் போதும்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. மெயில்மேன் 3-இலும் இதேதானா?

பதில் 1:
அங்கே செட்டிங்ஸ் → மெசேஜ் அக்செப்டன்ஸ். ஆனால் ஒரு வெளியாருக்குத் தனி நடவடிக்கை பதிவாகியிருந்தால் பொது அமைப்பை மாற்றினாலும் அவருக்குப் பொருந்தாது. நான்-மெம்பர்ஸ் பட்டியலையும் பாருங்கள்.