கதைப் போட்டியும் செயற்கை நுண்ணறிவும்: அறிவிக்கச் சொல்வதா, அடியோடு விலக்குவதா?

காவிரிக்கரை (மட்டுறுத்துநர்):

அனைவருக்கும் வணக்கம். நம் ஆண்டுச் சிறுகதைப் போட்டிக்கு விதிமுறை எழுதும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்திருக்கிறது. சென்ற ஆண்டு நடந்தது நடுவர்களுக்கு மட்டுமே தெரியும் என்பதால், அதை முதலில் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

இறுதிச் சுற்றுக்கு வந்த கதைகளில் ஒன்று தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் நடப்பது. நடை சீராக இருந்தது. தேடினாலும் ஓர் ஒற்றுப்பிழை கிடைக்கவில்லை. ஆனால் அக்கதையில், சித்திரை மாதத்து வெயிலில், ஆறு இரு கரையும் தொட்டு ஓட, பெண்கள் குலவையிட்டபடி நாற்று நடுகிறார்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12 என்பதும், சித்திரையில் காவிரியில் மணல்தான் கிடக்கும் என்பதும் எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். (பம்புசெட் வைத்துக் கோடை நடவு செய்பவர்கள் உண்டு, கதையில் ஓடியது ஆறு.) எழுதியவரிடம் கேட்டேன். கருவைச் சொல்லிச் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கி, பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து செப்பனிட்டதாகத் தயக்கமின்றிச் சொன்னார். ‘கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லையே’ என்றும் கேட்டார். அது உண்மைதான்.

அந்தக் கதையை விலக்கினோம். ஆனால் எந்த விதியின்படி விலக்கினோம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே கேட்கிறேன்: இத்தகைய படைப்புகளை அறிவிப்போடு ஏற்கலாமா? ஏற்பதானால் எந்த அளவு உதவிக்கு அறிவிப்பு வேண்டும்? அந்தக் குறிப்பை நடுவர்கள் மட்டும் பார்ப்பதா, வாசகர்களும் பார்ப்பதா?

வேம்படி:

விலக்குங்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்க அறிபுனை இதழான கிளார்க்ஸ்வேர்ல்ட், இயந்திரம் எழுதிய கதைகள் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 500க்கு மேல் வந்து குவிந்ததால், புதிய படைப்புகளைப் பெறுவதையே சில வாரங்களுக்கு நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அவர்களாவது இதழ் நடத்துவதையே தொழிலாகக் கொண்டவர்கள். நம் நடுவர்கள் அலுவலகம் முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படிப்பவர்கள். அறிவிப்பு நேர்மையானவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். பரிசுத்தொகைக்காக ஐந்து நிமிடத்தில் ஒரு கதை தயாரித்து அனுப்புகிறவர் அறிவிப்புப் பெட்டியில் டிக் செய்யப்போகிறாரா என்ன?

தூரிகை:

வேம்படி ஐயா சொல்லும் வெள்ளம் உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் ஓவியர்களாகிய நாங்கள் இதைச் சில மாதங்கள் முன்னதாகவே பட்டுவிட்டோம் என்பதால் எங்கள் அனுபவத்தையும் கேளுங்கள்.

ஜப்பானின் ஓவியப் பகிர்வுத் தளமான பிக்சிவ் 2022 அக்டோபர் இறுதியிலேயே, படத்தைப் பதிவேற்றும்போது அது செயற்கை நுண்ணறிவால் ஆனதா என்று கேட்கத் தொடங்கியது. கேட்டதோடு நிற்காமல், வேண்டாம் என்பவர்கள் அவற்றை வடிகட்டிவிடவும் வழி செய்தது. தரவரிசைப் பட்டியலையும் தனியாகப் பிரித்தது. இரண்டாவது பாதிதான் முக்கியம் என்பது என் எண்ணம். ஆறு நாள் உட்கார்ந்து வரைந்த படமும் ஆறு வினாடியில் வந்த படமும் ஒரே பட்டியலில் போட்டியிட்டால், மூலையில் எத்தனை பெரிய குறிப்பு ஒட்டினாலும் வரைந்தவருக்கு ஆறாது. ஆர்ட்ஸ்டேஷன் என்னும் ஓவியர் தளத்தில் அந்த ஆண்டு டிசம்பரில் ஓவியர்கள் எதிர்ப்புப் படத்தையே திரும்பத் திரும்பப் பதிவேற்றி முகப்பை நிரப்பியதற்கு, எல்லாவற்றையும் ஒரே சுவரில் மாட்டியதுதான் காரணம்.

மற்றொன்று, குறிப்பை இடுவது யார் என்பது. 2024இல் மெட்டா நிறுவனம் தன் தளங்களில் ‘செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது’ என்னும் முத்திரையைத் தானாகவே குத்தத் தொடங்கியபோது, படத்தில் இருந்த ஒரு சிறு தூசியை ஃபோட்டோஷாப்பில் அழித்த நிழற்படக்காரர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். எதிர்ப்பு வலுத்ததும் ஜூலையில் அதன் சொற்களை ‘செயற்கை நுண்ணறிவு பற்றிய தகவல்’ என்று மாற்றினார்கள். தூசி துடைத்ததும் முழுப் படத்தை வரவழைத்ததும் ஒன்றல்ல என்பதைச் சொல்லத் தெரியாத குறிப்பு யாருக்கும் பயன்படாது.

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர் என்பதால் எல்லைக்கோட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அமேசானின் கிண்டில் வெளியீட்டுப் பிரிவு 2023 செப்டம்பரில் ஒரு கோடு போட்டது. உரையோ படமோ மொழிபெயர்ப்போ இயந்திரம் உருவாக்கியதாக இருந்தால், ஆசிரியர் பிறகு எவ்வளவு திருத்தியிருந்தாலும், அது இயந்திர ஆக்கமே. நூலைப் பதிவேற்றும்போது அதை அறிவிக்க வேண்டும். ஆசிரியரே எழுதிவிட்டு, பிழை நீக்கவோ மெருகேற்றவோ கருவியைப் பயன்படுத்தினால் அது வெறும் உதவி, அறிவிக்கத் தேவையில்லை. இதன்படி, காவிரிக்கரை அண்ணா, அந்தத் தஞ்சைக் கதையின் ஒரு வார உழைப்பு கணக்கில் வராது. கறாரான கோடுதான், ஆனால் தெளிவானது. ‘எத்தனை விழுக்காடு’ என்று அளக்கப் புறப்பட்டால் நாம் கரை சேர மாட்டோம். ‘முதல் வரைவை யார் எழுதியது’ என்று கேட்டால் எவரிடமும் ஒரே தெளிவான பதில்தான் இருக்கும்.

நம்மில் பலர் பல ஆண்டுகளாகவே வாணி, நாவி என்னும் இணையத் திருத்திகளில் முறையே எழுத்துப்பிழையையும் சந்திப்பிழையையும் பார்த்துத்தான் கதையை அனுப்புகிறோம். அதை யாரும் அறிவித்ததில்லை, அறிவிக்கக் கேட்பதும் அபத்தம். ஆனால் அமேசானின் அறிவிப்பு வாங்குபவர் கண்ணில் படுவதில்லை, அவர்களுடைய பதிவேட்டோடு நின்றுவிடுகிறது. அதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம். ஏ.ஆர். ரஹ்மான் 2024 ஜனவரியில், மறைந்த பம்பா பாக்கியா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ‘லால் சலாம்’ படத்துக்காகச் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகத் தாமே வெளிப்படையாகச் சொன்னார். இது சரியா என்று வாதிட்டவர்கள் உண்டு. ஏமாற்றப்பட்டோம் என்று சொல்ல யாருக்கும் இடமில்லாமல் போயிற்று.

நிலைக்கதவு:

இந்த இழையில் யாரும் இன்னும் தொடாத பக்கத்தில் நிற்பவள் நான். வேறொரு குழுவில் என் கதை ஒன்றை, அது இயந்திரம் எழுதியது என்று முடிவுகட்டி நீக்கினார்கள். ஏதோ ஒரு கண்டறியும் கருவியில் ஒட்டிப் பார்த்ததில் ‘80 விழுக்காடு’ என்று வந்ததாம். நான் தமிழாசிரியை, ‘எனினும்’, ‘ஆதலின்’ என்று எழுதுவது முப்பது ஆண்டுப் பழக்கம். பழக்கமே குற்றமாகிவிட்டது.

இந்தக் கருவிகளின் யோக்கியதையைக் கொஞ்சம் பாருங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவி, அவர்கள் தந்த கணக்கின்படியே, இயந்திர உரையில் 26 விழுக்காட்டைத்தான் சரியாகச் சந்தேகித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை இயந்திரத்தின் கணக்கில் எழுதியது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை 7 கருவிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திர எழுத்து என்றன. ஆங்கிலத்திலேயே இப்படியென்றால், தமிழில் அவை காட்டும் எண்ணை வைத்து ஒருவருடைய பெயரைக் கெடுப்பது எவ்வகையில் நியாயம்?

எனவே வேம்படி ஐயா, தடை என்று எழுதிவிடலாம். அதை நிறைவேற்றுவது யார் என்று சொல்லுங்கள். அந்தக் குழுவுக்கு என் நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினேன். அடித்தல் திருத்தலோடு, ஓரத்தில் மளிகைக் கணக்கோடு. பதில் வரவில்லை.

வேம்படி:

அம்மா, உங்களுக்கு நேர்ந்தது அநியாயம். கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தடை என்று ஒன்று இருந்தால்தான், சித்திரையில் நாற்று நட்டவரைப் பிடிக்கும்போது நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிராது. பரிசுப் பிரிவுக்காவது தடை இருக்கட்டும்.

காவிரிக்கரை (மட்டுறுத்துநர்):

அனைவருக்கும் நன்றி. இதுவரை பேசியதை வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

‘கதையின் வாக்கியங்களைச் செயற்கை நுண்ணறிவு உருவாக்கியிருந்தால், பின்னர் எவ்வளவு திருத்தப்பட்டிருந்தாலும், அது பரிசுப் பிரிவில் ஏற்கப்படாது. அறிவிப்போடு அனுப்பினால் தனிப்பகுதியில் வெளியிடப்படும். குறிப்பு கதையின் தலைப்புக்குக் கீழே, வாசகர் பார்க்கும் இடத்தில் இருக்கும். பிழைத்திருத்தக் கருவிகளுக்கு அறிவிப்புத் தேவையில்லை. மொழிபெயர்ப்புக்கும் அட்டைப் படத்துக்கும் இயந்திரம் பயன்பட்டிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். கண்டறியும் கருவிகளின் முடிவு எந்தப் படைப்பையும் நீக்கக் காரணமாகாது. ஐயம் எழுந்தால் இறுதிச் சுற்றுக்கு வந்தவரிடம் முந்தைய வரைவுகளைக் கேட்டு, கதையைப் பற்றி நடுவர் ஒருவர் தொலைபேசியில் பேசுவார்.’

அட்டைப் படத்தைச் சேர்த்ததற்குக் காரணம், சென்ற ஆண்டு நாம் வெளியிட்ட போட்டி அறிவிப்பின் படமே மிட்ஜர்னி என்னும் படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் செய்தது. அதை நாம் எங்கும் சொல்லவில்லை. அந்தப் பதிவில் இன்று குறிப்பைச் சேர்த்துவிட்டேன். தூரிகை, இந்த ஆண்டுப் படத்தை நீங்கள் வரைந்து தர முடியுமா? எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தனிமடலில் எழுதுங்கள்.

நிலைக்கதவு அம்மா, வரைவுகளைக் கேட்கலாம் என்கிற விதி, கைப்பேசியில் ஒரே மூச்சில் எழுதி அழித்து எழுதுபவர்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. உங்கள் கருத்தை எழுதுங்கள்.