ஸ்டாப் போட்டால் ஒரு பைசா பில் வராதாம்!

பழையசர்வர்:
நேற்று இங்கே ஒரு வழிகாட்டி வந்தது. வாடிக்கையாளருக்குக் காட்ட, அமேசானின் வாடகை சர்வர் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் டெமோ சூழல் அமைக்க, சர்வர் வேலைகளைத் தானாகச் செய்யும் ஆன்சிபிள் என்ற கருவி ஒன்றே போதுமாம். காட்டி முடித்ததும் சர்வர்களை ஸ்டாப் போட்டால் "ஒரு பைசா பில் வராதாம்". படித்ததும் காபி புரையேறிவிட்டது. ஸ்டாப் போட்டால் நிற்பது சர்வர் வாடகை மட்டும்தான். டிஸ்க் வாடகை ஓடும். எலாஸ்டிக் ஐபி, அதாவது நாம் பிடித்துவைத்த நிலையான இணைய முகவரி, அதற்கும் ஓடும்; 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரி எதுவானாலும் மணிக்கு அரை சென்ட். நாட் கேட்வே (உள்ளே இருக்கும் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வாசல்) இருந்தால் ஏடபிள்யூஎஸ்ஸின் வர்ஜீனியா மையத்தில் மணிக்கு 4.5 சென்ட், மாதம் 32 டாலர், அதன் வழியாக ஒரு பைட் கூடப் போகாவிட்டாலும்.

யாம்ல்யாழினி:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். நான் சொன்னது சர்வர் பில். என் டெமோவில் நாட் கேட்வேயே கிடையாது. இரண்டு லினக்ஸ் சர்வர், ஒரு பிளேபுக் (ஆன்சிபிளுக்கான வேலைப் பட்டியல்), அவ்வளவுதான்.

பழையசர்வர்:
"சர்வர் பில்" என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்? "பில்" என்றுதான் இருக்கிறது. ஒரு பைசா!

டெர்ராஃபார்ம்தம்பி:
அண்ணன் சொல்வது சரி. ஆன்சிபிளுக்குத் தான் எதை உருவாக்கினோம் என்ற கணக்கே கிடையாது. அழிக்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஆப்சென்ட் (இது இருக்கக் கூடாது) என்று நாமே எழுத வேண்டும், அதுவும் தலைகீழ் வரிசையில். டெர்ராஃபார்ம் என்ற கருவியோ உருவாக்கியதையெல்லாம் ஸ்டேட் ஃபைலில் கணக்கு வைத்திருக்கும். டெஸ்ட்ராய் போட்டால் சட்டியோடு கழுவிவிடும்.

யாம்ல்யாழினி:
கழுவும், கழுவும். எஸ்3 பக்கெட்டில் (ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபைல் கிடங்கு) ஒரு ஃபைல் கிடந்தால் போதும், ஃபோர்ஸ் டெஸ்ட்ராய் (உள்ளே இருப்பதோடு அழி) கொடுக்காதவருக்கு "காலியாக இல்லை" என்று பிழை காட்டி நின்றுவிடும். கன்சோலில் (ஏடபிள்யூஎஸ்ஸின் இணையப் பக்கம்) யாராவது கையால் ஒரு செக்யூரிட்டி குரூப் (யார் உள்ளே வரலாம் என்ற விதிகள்) சேர்த்திருந்தால், நம் தனி நெட்வொர்க்கான விபிசியும் அழியாது. போன மாதம் "கன்சோலில் கிளிக் செய்கிறவன் இன்ஜினியரே இல்லை" என்றவர் நீங்கள்தானே தம்பி?

டெர்ராஃபார்ம்தம்பி:
அது உங்களைச் சொல்லவில்லை. உங்களுக்கு ஏன் உறுத்துகிறது?

புதியவன்22:
மன்னிக்கவும், எனக்குத் திங்கட்கிழமை டெமோ. பிளேபுக் 14ஆம் வரியில் பிழை என்கிறது. யாராவது பார்க்க முடியுமா?

மேகமூட்டம்:
முதலில் எல்லாரும் தமிழில் எழுதுங்கள். "நிறுத்து" என்றால் கை வலிக்குமா?

பழையசர்வர்:
நிறுத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, அப்போதும் பில் வரும். என் கதையைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படித்தான் ஒரு டெமோவை ஸ்டாப் போட்டு மறந்துவிட்டோம். நான்கு மாதம் கழித்து மேனேஜர் பில்லைப் பிரிண்ட் எடுத்து, நாட் கேட்வே வரியில் மஞ்சள் ஹைலைட்டர் அடித்து, என் கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு வரியே 130 டாலர் பக்கம். அன்றைக்கு ஒரு வழிகாட்டியை நம்பித்தான் ஸ்டாப் போட்டேன்.

யாம்ல்யாழினி:
நாட் கேட்வேயை வைத்தது நீங்கள், மறந்தது நீங்கள், திட்டு எனக்கு. நல்ல நியாயம்.

சும்மாபார்ப்பவன்:
இதில் சண்டை எதற்கு? ஆன்சிபிள் ரெட் ஹாட்டுடையது, ரெட் ஹாட்டை 2019இல் ஐபிஎம் வாங்கியது. டெர்ராஃபார்மின் ஹாஷிகார்ப்பையும் 2025இல் ஐபிஎம்தான் வாங்கியது. மாமியாரும் மருமகளும் ஒரே வீடு.

டெர்ராஃபார்ம்தம்பி:
நான் டெர்ராஃபார்மிலிருந்து பிரிந்த ஓபன் சோர்ஸ் கருவியான ஓபன்டோஃபுவுக்கு மாறிவிட்டேன். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் டெர்ராஃபார்மின் லைசென்ஸை மாற்றியதால்தான்.

யாம்ல்யாழினி:
அப்புறம் ஏன் இன்னும் அந்தப் பெயர்?

டெர்ராஃபார்ம்தம்பி:
பெயரை மாற்ற இங்கே வசதியில்லை.

புதியவன்22:
14ஆம் வரி...

யாம்ல்யாழினி:
டேப் அடித்திருப்பீர்கள். உள்தள்ள இடைவெளி மட்டும் போடுங்கள், பிளேபுக் எழுதும் யாம்ல் வடிவம் அங்கே டேப்பை ஏற்காது.

புதியவன்22:
வேலை செய்துவிட்டது, நன்றி அக்கா! டெமோ முடிந்ததும் ஸ்டாப் போட்டால் போதும்தானே?

பழையசர்வர்:
பார்த்தீர்களா? பார்த்தீர்களா! இதற்குத்தான் தலையிலடித்துக்கொள்கிறேன். ஸ்டாப் போட்டால் டிஸ்க் ஓடும், ஐபி ஓடும்...

யாம்ல்யாழினி:
சர்வர் பில் வராது தம்பி. தைரியமாகப் போடுங்கள்.

பழையசர்வர்:
மறுபடியும் "சர்வர் பில்"! நேற்றைய பதிவை நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், அம்மணி.